நல்ல வண்டி என்று நான் சொன்னது

அந்த ட்ராக்டரின் ஹைட்ராலிக்கில் பழுது இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, வாங்க வந்தவர்களிடம் நல்ல வண்டி என்று சொன்னேன்.

இரண்டு மாதத்துக்குள் ஒருவன் காலை இழந்தான். தன்னால்தான் அது நடந்தது என்று அவன் மனைவி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். நான் சொல்லவில்லை...

இதை என் மனைவிகூட அறியமாட்டாள். உங்களை எனக்குத் தெரியாது, நீங்கள் என் பட்டறைக்கு வரப்போவதும் இல்லை. அந்தத் துணிச்சலில்தான் உங்களிடம் வாயைத் திறக்கிறேன். இதுவும் ஒருவகைக் கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரஜாக். அரியமங்கலத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ட்ராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். திருச்சியைச் சுற்றிப் பழைய ட்ராக்டர் வாங்க நினைக்கிற விவசாயிகள் பலர், பேச்சை முடிக்குமுன் என்னை அழைத்துப்போய்க் காட்டுவார்கள். "ரஜாக் பாய் பாத்துட்டாரா?" என்று ஊரில் கேட்பார்கள். பார்த்துவிட்டார் என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

அந்தப் பெயரை நான் மிகவும் நேசித்தேன். என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

எஞ்சினை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். புகையின் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஹைட்ராலிக் அப்படிப்பட்டது அல்ல. ட்ராக்டரின் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலப்பையையும் மற்றக் கருவிகளையும் தூக்கி இறக்குவது அந்தக் கைகள். அவற்றைத் தூக்குவது எண்ணெய். ஒரு சிலிண்டருக்குள், ஒரு பிஸ்டனுக்குப் பின்னால் அடைபட்டு நிற்கிற எண்ணெய். அதைக் கசியாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். நான்கைந்து ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்பு அந்தரத்தில் தொங்குகிறதே, அது அந்த ஒரு வளையத்தின் தயவில்தான் தொங்குகிறது.

நான் சோதிக்கிற முறை இதுதான். முதலில் எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்ப்பேன். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிறகு கலப்பையை மாட்டி ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்வேன். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது கசிவை மறைத்துவிடும்; சூடேறி இளகினால்தான் உண்மையைச் சொல்லும். அதன்பின் கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைகளைக் கவனிப்பேன். அசையாமல் நின்றால் நல்லது. சற்றே இறங்கி, வெடுக்கென்று மறுபடி மேலே துள்ளினால், உள்ளே எண்ணெய் வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். நாங்கள் அதை விக்கல் என்போம். கடைசியில் எஞ்சினை நிறுத்துவேன். கை நிற்கிற உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது கை அந்தக் கோட்டிலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் உங்களிடம் பேசுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று எனக்கு வேண்டியவர்கள்கூடச் சொல்ல முடியாது.

ஜீயபுரம் பக்கத்தில் நடராஜன் என்று ஒரு பெரிய விவசாயி. அவருடைய சிவப்பு ட்ராக்டரை நான்தான் வழக்கமாகப் பார்ப்பேன். ஒருமுறை நடவு நேரத்தில் அதன் இரும்புக் கைகள் தூக்காமல் போயின. பிரித்துப் பார்த்தேன். வளையம் தேய்ந்திருந்தது. அது பெரிய விஷயம் இல்லை. சிலிண்டரின் உட்சுவரில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தேன். நகம் மாட்டி நின்றது.

நகம் மாட்டினால் சிலிண்டரை மாற்ற வேண்டும். புது வளையம் போட்டாலும் அந்தக் கீறல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். புது சிலிண்டர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். நடராஜன் காலையிலும் மாலையிலும் போன் செய்து நச்சரித்தார். உப்புத்தாளால் தேய்த்தேன். கீறல் மங்கியது, மறையவில்லை. புது வளையத்தைப் போட்டு மூடிவிட்டேன்.

கீறலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இன்னும் பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் ஸ்பேனரே போக வேணாங்க" என்றேன்.

அவர் அதைப் போகிற இடமெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டே என்னிடம் வந்த வண்டிகள் உண்டு. நானும் கீறலை மறந்துபோனேன். மறப்பது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு நாள் காலை குமரவேலும் வளர்மதியும் பட்டறைக்கு வந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, திருவளர்சோலைப் பக்கம் வாழை போடுகிற குடும்பம். அவர்களுடைய பவர் டில்லரை நான் இரண்டு மூன்று தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அவன் அதிகம் பேசமாட்டான். பேச்சு அவளுடையது. டில்லரை அவளும் ஓட்டுவாள். ட்ராக்டர் வந்தால் அதையும் தானே ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பழைய வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கோம் பாய். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வந்து பாத்துச் சரின்னு சொன்னாதான் வாங்குறது" என்றாள்.

யாருடைய வண்டி என்று நான் கேட்கவில்லை. அவர்கள் பைக்குக்குப் பின்னாலேயே என் வண்டியில் போனேன். கரூர் சாலையில் ஜீயபுரம் தாண்டி அவர்கள் திரும்பியபோதே எனக்குள் ஏதோ சரியில்லாமல் போயிற்று. நடராஜன் வீட்டுக் களத்தில் அந்தச் சிவப்பு ட்ராக்டர் நின்றது.

நடராஜன் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அட, பாயையா கூட்டிட்டு வந்திருக்கீங்க? அப்ப நான் வாயே தொறக்க வேணாம். இந்த ஹைட்ராலிக் அவரு கையால மாட்டினது. பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் குடுத்திருக்காரு, கேளுங்க."

குமரவேலின் முகம் மலர்ந்தது. வளர்மதி என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

நான் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது. கலப்பை மாட்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாகவே இருந்தது. லீவரைத் தள்ளினேன். கைகள் கலப்பையைச் சீராகத் தூக்கின. எஞ்சினை ஓடவிட்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு... கைகள் அரை விரல் அளவு இறங்கின. வெடுக்கென்று துள்ளி மேலே வந்தன. மறுபடி அமைதி. மறுபடி ஒரு துள்ளல்.

குளிர்ந்த எண்ணெயிலேயே விக்குகிறது. அப்படியென்றால் வளையம் ஏற்கெனவே அறுபடத் தொடங்கிவிட்டது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பார்த்த கணத்தில் தெரிந்துவிட்டது. அந்தக் கீறல் என் நகத்துக்கடியில் மறுபடி உறுத்தியது.

குமரவேல் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நடராஜன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒருவன்தான் பார்த்தேன் என்று நினைத்தேன்.

"பாய், அது ஏன் அப்படித் துள்ளுது?"

வளர்மதி. என் பின்னால் நின்றிருந்தாள்.

நடராஜன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். குமரவேலும் நிமிர்ந்தான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எஞ்சின் அதிர்றதும்மா. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

"நிறுத்திட்டா கீழ எறங்கிடாதுல்ல?"

எஞ்சினை நிறுத்திக் காட்டினேன். சட்டைப்பையில் சாக்பீஸ் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. நடராஜன் வீட்டிலிருந்து காபி வந்தது. குடித்து முடிக்கும்வரை கலப்பை அந்தரத்திலேயே நின்றது. சற்று இறங்கித்தான் இருந்தது. கோடு போடாததால் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"நல்ல வண்டி. தைரியமா வாங்குங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? நடராஜன் எனக்கு ஏதாவது கொடுத்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு பைசாகூட இல்லை. கொடுத்திருந்தால்கூட, ஆசைப்பட்டுச் செய்தேன் என்று ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். அந்த மனிதர் முன்னால், அந்தப் பெண் முன்னால், என் கை வேலை தோற்றுவிட்டது என்று என் வாயாலேயே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். ஒரு மாதத்தில் நானே போய், சர்வீஸ் என்று ஏதாவது சொல்லிப் பிரித்து, புது சிலிண்டர் போட்டுவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் தப்பு நடந்ததாகவே ஆகாது அல்லவா?

சிலிண்டருக்குக் கடையில் சொல்லிவைக்கக்கூட இல்லை.

மூன்று வாரத்தில் வளர்மதி போன் செய்தாள். உழவுக்கு ரோட்டவேட்டர் வாங்கியிருந்தார்கள். சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்திப் பொடியாக்குகிற கருவி. கலப்பையைவிடக் கனமானது.

"பாய், சாயங்காலம் ரோட்டவேட்டரத் தூக்கி நிறுத்திட்டு வர்றோம். காலையில போய்ப் பாத்தா தரையில உக்காந்திருக்கு. இது வழக்கமா?"

"ராத்திரியெல்லாம் நின்னா கொஞ்சம் எறங்கத்தான் செய்யும்மா. இங்க வேலை நெருக்கடியா இருக்கு. வந்து பாக்குறேன்."

"சரிங்க பாய்."

அவள் நம்பினாள். அவள் குரலில் ஒரு சந்தேகம் இருந்திருந்தால் ஒருவேளை நான் அன்றே போயிருப்பேன்... இல்லை, இதுவும் பொய். போயிருக்கமாட்டேன்.

மறுபடி அவள் போன் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

"இப்பல்லாம் சாப்புட்டு வர்றதுக்குள்ள எறங்கிடுது பாய். இவரு அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கறாரு. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு."

நான் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டது இப்போது ஒரு சாப்பாட்டு நேரமாகச் சுருங்கியிருக்கிறது. உள்ளே வளையம் எவ்வளவு தூரம் அறுபட்டிருக்கும் என்று என்னால் ஏறக்குறைய கண்ணால் பார்க்க முடிந்தது. இனி அது மெதுவாக இறங்காது. ஒரு நாள் மொத்தமாக விட்டுவிடும்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். தூக்கி நிறுத்தின இரும்புக்கு அடியில் யாரும் போகாதீர்கள், போவதென்றால் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். இதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? சொன்னால், ஏன் பாய், அவ்வளவு மோசமா, அன்றைக்கு நல்ல வண்டி என்றீர்களே என்று அவள் கேட்பாள். அதற்குப் பயந்தேன்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் வந்துடறேம்மா. பாத்துடலாம்" என்றேன்.

வியாழக்கிழமை பிற்பகலில் அது நடந்தது.

நடந்ததைப் பிறகு அவளும் குமரவேலின் அண்ணன் சுந்தரமும் சொல்லித்தான் அறிந்தேன். அறுவடை முடிந்த வாழைக்கொல்லையில் ரோட்டவேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். வாழை நார் கத்திகளில் கயிறு போலச் சுற்றி இறுகிவிடும். நிறுத்தி நிறுத்தி அறுத்து எடுக்க வேண்டும். குமரவேல் ரோட்டவேட்டரை மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, அடியில் ஒரு காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கையால் வரவில்லை. சீட்டுக்குப் பக்கத்தில் அரிவாள் இருக்கிறது, எடுத்துக் கொடு என்றான். வளர்மதி ஏறி அரிவாளை எடுத்தாள். இறங்குவதற்காகத் திரும்பினாள்.

ரோட்டவேட்டர் விழுந்தது.

பக்கத்துக் கொல்லையில் வேலை செய்தவர்கள் ஓடிவந்து, மரக்கம்புகளைக் கொடுத்து நெம்பித் தூக்கி அவனை இழுத்தார்கள். அந்தப் பரபரப்பில் யாரோ லீவரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். விழுந்த நேரத்தில் லீவர் எந்த நிலையில் இருந்தது என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். செய்தி கேட்டு அன்று மாலையே போனேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். வளர்மதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவையில் மண்ணும் ரத்தமும் காய்ந்திருந்தன. என்னைப் பார்த்து, "நாளைக்கு வர்றேன்னு சொன்னீங்களே பாய்" என்றாள். குறை சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னாள்.

சுந்தரம் என்னைத் தனியாக அழைத்தார். "காலையில வந்து வண்டியப் பாருங்க பாய். எப்படி விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் காலை அந்தக் கொல்லையிலேயே வைத்துப் பிரித்தேன். சுந்தரம் என் பின்னால் நின்றிருந்தார். வளையம் ஒரு பக்கம் பிய்ந்து, விரல்கணு அளவுக்குத் துண்டே காணாமல் போயிருந்தது. சிலிண்டரின் கீறலில் மறுபடி விரலை வைத்தேன். முன்னைவிட ஆழமாக இருந்தது.

"என்ன பாய் ஆயிருக்கு?"

"வளையம் பிஞ்சிருக்குங்க."

"அதனாலதான் விழுந்துச்சா?"

கேளுங்கள். அந்த இடத்தில் எனக்கு ஆமாம் என்று ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் கேள்வியிலேயே பதில் இருந்தது. நான் தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"அவ்வளவு கனம் ஒரேயடியா எறங்குச்சுன்னா வளையம் தாங்காதுங்க. விழுந்த வேகத்துல பிஞ்சிருக்கும்" என்றேன்.

உண்மையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவைத்தேன். வளையம் பிய்ந்ததால் விழுந்ததை, விழுந்ததால் பிய்ந்ததாக மாற்றினேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை.

"அப்ப விழுந்தது எதனால?"

சீட்டின் வலதுபுறம் இருந்த லீவரைப் பார்த்தேன். எஞ்சின் ஓடாவிட்டாலும் அந்த லீவரைக் கீழே தட்டிவிட்டால் தூக்கி நிற்கிற கருவி இறங்கிவிடும். அது எல்லா விவசாயிக்கும் தெரியும். நான் பார்த்ததும் சுந்தரமும் பார்த்தார்.

"அந்த நேரம் வளர்மதிதான மேல ஏறியிருந்திருக்கு" என்றார்.

அவள் பெயரை நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நம்புகிறீர்களா? நானும் நம்பவில்லை. கண்ணால் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்துவிட்டு, வாயால் சொல்லவில்லை என்று கணக்குக் காட்டுகிறவனை என்னவென்று அழைப்பது?

அடுத்த வாரம் புது சிலிண்டர் போட்டேன். அன்றைக்குப் போட்டிருக்க வேண்டிய அதே சிலிண்டர். வந்தது, மாட்டினேன், அரை நாள் வேலை. வேலைக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. பாய்க்கு எவ்வளவு நல்ல மனசு என்று அந்த வீட்டில் சொன்னார்களாம். பழைய சிலிண்டரைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து மற்றப் பழைய இரும்போடு போட்டு அனுப்பினேன். பிய்ந்த வளையத்தைப் பட்டறைக்குப் பின்னால், எண்ணெய்த் துணிகளோடு சேர்த்து எரித்தேன். ரப்பர் எரிகிற நாற்றம் அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

குமரவேல் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து வளர்மதி பஸ் பிடித்துத் தனியாக அரியமங்கலம் வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பாய், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என் கை லீவர்ல பட்டுதா, படலையான்னு எனக்கே தெரியல. பட்ட மாதிரி ஞாபகம் இல்ல. ஆனா எல்லாரும் பட்டிருக்கும் பட்டிருக்கும்னு சொல்லிச் சொல்லி, இப்ப கண்ண மூடினா பட்ட மாதிரியே இருக்கு. முந்தானை மாட்டியிருக்குமோன்னு தோணுது."

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் போன்ல சொன்னேனே பாய், சாப்புட்டு வர்றதுக்குள்ள எறங்கிடுதுன்னு. அதனால இருக்குமா? நீங்க சொன்னா நான் நம்புவேன்."

அவள் தானாகவே உண்மையின் வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். நான் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. பட்டறையில் அப்போது வேறு யாரும் இல்லை. அவள் ஒருத்திக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சுந்தரம் வருவார். நடராஜனுக்குத் தெரியும். அரியமங்கலம் முழுவதும் தெரியும். ரஜாக் பாய் பார்த்த வண்டி என்றால்... இவ்வளவும் அந்தச் சில நொடிகளில் என் மனதில் ஓடியது. அவள் முகம் எதிரே இருக்கும்போதே ஓடியது.

"அது மெதுவா எறங்குறதும்மா. இது திடீர்னு விழுந்தது. அது வேற, இது வேற" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இரண்டு மூன்று முறை ஆட்டினாள்.

"அப்ப பட்டிருக்கும்" என்று மெல்லச் சொன்னாள். "வர்றேன் பாய்."

பஸ் நிறுத்தம் வரை அவள் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் திரும்புகிற தூரத்தில்தான் போனாள். வெகு நேரம்வரை அந்தத் தூரத்தில்தான் இருந்தாள்.

அதன்பின் அவள் ட்ராக்டரில் ஏறவில்லை. கூலிக்கு ஓர் ஆளை வைத்து ஓட்டினார்கள். மாமியார் அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் மாதம் ஒருமுறையாவது போய்க் குமரவேலைப் பார்த்துவந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். சொல்லிவிடலாம் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு தடவையும் காவிரிப் பாலத்தைத் தாண்டுவேன்.

ஒரு தடவை அவன் செயற்கைக்காலை மாட்டப் பழகிக்கொண்டிருந்தான். உள்ளே அடுப்படியில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னான்.

"அம்மாவும் அண்ணனும் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க பாய். நான் அவள மன்னிச்சுட்டேன். வேணும்னா செஞ்சா? கை தவறிடுச்சு. ஆனா ஒண்ணு, அவகிட்ட முன்ன மாதிரி பேச வரல. என்ன பண்றதுன்னு தெரியல."

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

செய்யாத ஒன்றுக்காக அவளை மன்னித்த மனிதன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். செய்தவன் அவனுக்கு வாங்கிவந்த பழப்பையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், எனக்குத் தெரிந்த ஒருவர் செய்த காரியம் என்று கதையை மாற்றிக் கேட்டேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்புக்கு அல்லாஹ்கிட்ட அழுது கேக்கலாம். மனுஷனுக்குச் செஞ்சதுக்கு அந்த மனுஷன்கிட்டதான் கேக்கணும். அவங்க மன்னிக்காம அவன் மன்னிக்க மாட்டான்னு உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க" என்றார். சிநேகிதர் என்று சொல்லும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரிந்துகொண்டாரோ என்னவோ. அதற்குப் பிறகு தொழுகைக்கு நான் வேறு பள்ளிவாசலுக்குப் போகிறேன்.

நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. சென்ற மாதம் அவர்கள் அந்த ட்ராக்டரை விற்றார்கள். மண்ணச்சநல்லூரிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். நடுவில் பார்த்துச் சொல்ல என்னைத்தான் வரச்சொன்னார்கள். இந்தமுறை ஒரு மணி நேரம் ஓட்டவைத்து எண்ணெயைச் சூடேற்றினேன். கருவியைத் தூக்கி நிறுத்திக் கோடு போட்டேன். கை கோட்டை விட்டு நூலளவும் இறங்கவில்லை. உண்மையாகவே நல்ல வண்டி.

பேச்சு முடிகிற நேரத்தில் வளர்மதி உள்ளேயிருந்து வந்தாள். வந்தவரிடம் நேராகப் போய் நின்றாள்.

"வண்டிய வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு தெரியணுங்க. இவரு கால் இந்த வண்டியிலதான் போச்சு. வண்டி மேல குத்தமில்ல. நான்தான் லீவர்ல இடிச்சுட்டேன். பின்னாடி யாராவது சொல்லிக் கேக்குறதவிட நாங்களே சொல்லிடறது நல்லது."

குமரவேல் தலையைக் குனிந்துகொண்டான். வந்தவர் சங்கடப்பட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்படிங்களா பாய்?"

"ஆமாங்க" என்றேன்.

முதல் தடவை கண்ணால் சொன்னேன். இந்தத் தடவை வாயாலேயே சொல்லிவிட்டேன்.

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போனபிறகு வளர்மதி எனக்கு டீ கொண்டுவந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மறைச்சு வித்துட்டா அப்புறம் தூக்கம் வராது பாய், இல்லையா?"

"ஆமாம்மா."

டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போயிட்டு வர்றேம்மா என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அவள் வாசல் வரை வந்தாள்.

இதுவரை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அவளுக்கு இன்னும் தெரியாது.